ஒரு சொட்டுகூட இல்லை

பிரசவ வார்டில் அவளுக்குப் பால் டீச்சர் என்று பெயர். பாலூட்டும் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்லும் நர்ஸ் என்று அடையாள அட்டையில் அச்சடித்திருந்தது. அவ்வளவு நீளத்தை யார் வாய் வலிக்கக் கூப்பிடுவார்கள்? வார்டு ஆயாதான் அந்தப் பெயரை வைத்தாள், அதுவும் கிண்டலுக்காக. பதினோரு வருஷத்தில் கிண்டல் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. டாக்டர்கள்கூட "பால் டீச்சரைக் கூப்பிடுங்க" என்றுதான் சொன்னார்கள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. குழந்தையை மாரில் வைக்கத் தெரியாமல் வியர்த்துக் கொட்டும் பெண்ணின் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வாள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கைக்கு ஒரு தலையணை. "அவசரப்படாத. வாயை நல்லாத் திறக்கட்டும்... இன்னும்... ம், இப்ப வை." குழந்தை கப்பென்று பற்றிக்கொள்ளும். அதுவரை வலியில் அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பாள். அந்தக் கைப்பக்குவம் படித்து வருவதல்ல.

வாய்தான் கொஞ்சம் நீளம். தலையணைக்கு அடியில் யார் பாட்டில் ஒளித்து வைத்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களின் பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்தே உள்ளே பவுடர் பால் டப்பா இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். "பால் பத்தாத அம்மான்னு யாரும் கிடையாது. பொறுமை பத்தாத அம்மாதான் உண்டு." இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். அவள் படித்த பாடத்தில் இப்படி இல்லை. சிலருக்குப் பால் குறைவாக இருக்கலாம், குழந்தையின் எடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றுதான் இருந்தது. ஆரம்பத்தில் அதையும் சேர்த்தே சொல்லிவந்தாள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எல்லாருமே "அப்ப நான் அந்த சிலர்ல ஒருத்திதான்" என்று டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள் என்று எரிச்சல் வந்தது. எந்த வருஷத்திலோ அதைச் சொல்வதை விட்டுவிட்டாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயதில் வந்தது. ஆண் குழந்தை.

ஊர்க் குழந்தைகளெல்லாம் அவள் கை பட்டவுடன் பற்றிக்கொண்டன. சொந்தப் பிள்ளை பற்றத்தான் பற்றியது, பால்தான் வரவில்லை. வந்ததும் போதவில்லை. ஒரு பக்கம் அரை மணி, மறு பக்கம் அரை மணி கொடுத்துவிட்டுக் கீழே படுக்கவைத்தால் பத்தாவது நிமிஷம் வீடு அதிரும்படி கத்தும். காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் கால் கட்டைவிரலை மடக்கிப் பல்லைக் கடித்துக்கொள்வாள். வார்டில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் தைரியமாக ஆயிரம் யோசனை சொல்லியிருப்பாள். அந்த ஆயிரத்தையும் தனக்கே செய்து பார்த்தாயிற்று.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? குழந்தையைப் பார்க்க வந்த சக நர்ஸ்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "உனக்கென்னம்மா, நீயே டீச்சரு" என்று சிரித்தார்கள். அவளுக்கு அத்தனை பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. சிரித்துக்கொண்டே பிஸ்கட் தட்டை நீட்டினாள்.

குழந்தையின் எடை ஏறத்தான் செய்தது, நொண்டி நொண்டி. அட்டவணையில் இருக்கும் கோடுகளில் அடிக்கோட்டை ஒட்டியே போனது. நாலாவது மாதம் முடிந்ததும் விடுமுறையும் முடிந்தது.

கணவன் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். சொந்தத் தொழில் என்பதால் வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டு பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அதிகம் பேசாத ஆள். ஒரு மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் மட்டும் அரை மணி நேரம் பேசுவான்.

அவள் மருத்துவமனையில் துணி அடுக்கிவைக்கும் அறைக்குள் போய்ப் பால் பீய்ச்சினாள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. முதுகால் கதவை முட்டுக்கொடுத்தபடி, ஒரு கையில் மெஷினும் இன்னொரு கையில் பாட்டிலுமாக நிற்பாள். பாதியில் ஆயா வந்து வெளியிலிருந்து தள்ளுவாள். "ரெண்டு பெட்ஷீட் எடுத்துக்கறேன் டீச்சர், நீங்க பாருங்க, நான் பாக்கல." தாய்ப்பாலின் பெருமையை நாள் முழுக்கப் பேசும் இடத்தில், பேசுகிறவளுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடையாது. மேட்ரனிடம் மூன்று தடவை கேட்டாள். பார்க்கலாம் என்று மூன்று தடவை பதில் வந்தது.

இவ்வளவு பாடுபட்டு இரண்டு தடவை பீய்ச்சியதையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோவது தொண்ணூறு மில்லி. நல்ல நாளில் நூறு. மறுநாள் எட்டு மணி நேரத்துக்குக் குழந்தைக்கு அதுதான்.

அது போதாது என்று அவளுக்குத் தெரியாதா? வேறு ஒருத்தி வந்து இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் உடனே குழந்தையைத் தூக்கித் தராசில் வைத்திருப்பாள். ஆனால் அவளும் மகனைத் தராசில் வைத்துத்தானே பார்த்தாள்! வேலைக்குப் போன முதல் மாதத்தில் எண்ணூறு கிராம் ஏறியிருந்தது. அடிக்கோட்டில் தவழ்ந்துகொண்டிருந்தவன் நடுக்கோட்டுக்கு எழுந்துவிட்டான். தொடையில் மடிப்பு விழுந்தது. கன்னம் தொங்கியது. அவளிடம் அதற்கு விளக்கம் தயாராக இருந்தது: பகலில் அம்மா பக்கத்தில் இல்லையென்றால் சில குழந்தைகள் அதிகம் தூங்கிவிட்டு, அம்மா வந்தபிறகு குடித்து ஈடுகட்டும். பாடத்தில் இருப்பதுதான். தன் மகனும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையன் நாள் முழுக்கச் சிணுங்குவான். அப்பா தூக்கிக்கொண்டு நடக்காததால்தான் என்றும் முடிவு கட்டினாள்.

இன்னொரு பெருமையும் அவளுக்கு இருந்தது. குழந்தையின் பீத்துணியைக் கணவனே துவைத்தான். பையன் காலையில் ஒரு தடவைதான் போவான், அதையும் அவளைத் தொடவே விடமாட்டான். "நீ ஆஸ்பத்திரில நாள் பூரா இதத்தான பாக்கற, விடு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வார்டில் இதைச் சொல்லாத ஆளில்லை. "எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா" என்று சொல்லிச் சொல்லி மற்ற நர்ஸ்களின் வீடுகளில் சண்டை மூட்டினாள்.

தன் பையனின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகக் காட்ட ஆரம்பித்ததும் அப்போதுதான். கொழுகொழுவென்று, பல் இல்லாத வாயைத் திறந்து சிரிக்கும் படம். "எனக்கும் ஆரம்பத்துல பத்தலதான். விட்டேனா? இதோ பாரு. ஒரு சொட்டு பவுடர் பால் இல்ல. வேலைக்கும் போயிட்டு இருக்கேன்."

எந்தச் சொற்பொழிவும் செய்யாத வேலையை அந்தப் படம் செய்தது. படத்தைப் பார்த்த பெண்கள் டப்பாவை மூடிவைத்தார்கள்.

ஆறாம் நம்பர் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். பேக்கரியில் வேலை. இருபத்திரண்டு வயது. முதல் குழந்தை, அதுவும் பையன். மணிக்கட்டிலும் முழங்கையிலும் அடுப்புத் தட்டு சுட்ட பழைய தழும்புகள். வலிக்கு அஞ்சாதவள், பிரசவத்தின்போது ஒரு சத்தம் போடவில்லை என்று ஆயா சொன்னாள். ஆனால் மூன்றாம் நாளும் பால் சரியாக இறங்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும் அன்று அவள் பால் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், வரவே மாட்டேங்குது. கொஞ்சமா பவுடர் குடுத்துட்டு, வந்ததும் நிறுத்திடட்டுமா?"

"அப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பீங்க." போன் வெளியே வந்தது. "இங்க பாரு. இவனுக்கு ஒரு சொட்டு குடுத்தேனா?"

பேக்கரிப் பெண் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "குடுக்க மாட்டேன் டீச்சர்" என்றாள், சத்தியம் செய்கிற குரலில். பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருந்த குழந்தை, அன்று இரண்டு கிலோ அறுநூறு கிராம் இருந்தது. மூன்றாம் நாளில் அவ்வளவு இறங்குவது வழக்கம்தான். ஏழாம் நாள் திங்கட்கிழமை எடை பார்க்க வரச்சொல்லி அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை போன் வந்தது.

"ரொம்ப அழறான் டீச்சர். அப்புறம் அப்படியே தூங்கிடறான்."

"ஒண்ணுக்கு எத்தனை தடவை போறான்?"

"ரெண்டு... மூணு இருக்கும்."

போன வருஷமாக இருந்திருந்தால், இப்போதே தூக்கிக்கொண்டு வா என்று சொல்லியிருப்பாள். அன்று அவள் கண்முன் தன் பையனின் தொடை மடிப்புதான் நின்றது. "அழுத பிள்ளைதான்மா பால் குடிக்கும். திரும்பத் திரும்ப வை. நாளைக்குள்ள வந்துடும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சனிக்கிழமை வேலை அதிகம். சொன்னது அத்தோடு மறந்தும் போனது.

மறுநாள் ஞாயிறு. முந்தின நாள் சாயங்காலம் ஒரு கடையில் செம்புக் குழாய் அறுத்துக் கணவனின் உள்ளங்கையில் நாலு தையல். கையை நனைக்கக் கூடாது. காலையில் அவன் குளியலறையில் இருந்தபோது குழந்தை துணியை நிறைத்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள்தான் அவிழ்த்தாள்.

பார்த்ததும் கை நின்றுவிட்டது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு மஞ்சளாக, இளக்கமாக, அரைத்த கடுகு மாதிரி போகும். பதினோரு வருஷமாக அவள் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று சொன்னது இது. துணியில் இருந்ததோ பழுப்பும் பச்சையுமாக, கெட்டியாக, தனி வாடையுடன். இந்த வாடையை வைத்தே எத்தனையோ வீட்டாரைப் பிடித்திருக்கிறாள்.

குழந்தையைத் துடைத்துப் படுக்கவைத்தாள். பிறகு வார்டில் தேடுவது போலத் தேடினாள். சமையலறையில் இல்லை, அலமாரியில் இல்லை. அவனுடைய வேலைப் பையை வெளியிலிருந்து தடவிப் பார்த்தாள். அடியில், சுருட்டிய செம்புக் குழாய்க்குக் கீழே, உருண்டையாகத் தட்டுப்பட்டது. பெரிய சைஸ் டப்பா. பாதிக்குமேல் காலி. உள்ளே கரண்டியை வெள்ளைத் துணியில் சுத்தமாகச் சுற்றி வைத்திருந்தான்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான். கட்டில் மேல் டப்பா உட்கார்ந்திருந்தது.

"எத்தன நாளா?"

அவன் பொய் சொல்லப் பார்க்கவில்லை. "நீ வேலைக்குப் போன மூணாம் நாள்ல இருந்து."

"அதான் துணி துவைச்சீங்களா?"

"நீதான போன்ல எல்லார்கிட்டயும் சொல்லுவ, கலர் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்னு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான். இந்த வாளியைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பெருமையடித்தாள்! அவளுக்குக் காது சுட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. முத நாளே போன் பண்ணி, பதினோரு மணிக்கே பால் தீந்துடுச்சுன்னு சொன்னேன். தூக்கிட்டு நடங்கன்ன. நடந்தேன். நாலு மணி வரைக்கும் நடந்தேன். ரெண்டாம் நாளும் நடந்தேன். மூணாம் நாள் கத்தறத விட்டுட்டு என் சட்டைப் பட்டன வாயில வச்சு உறிஞ்ச ஆரம்பிச்சுட்டான்." அவன் தையல் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அப்புறம் போய் வாங்கிட்டு வந்தேன். நம்ம தெருக் கடையில வாங்கினா உனக்குத் தெரிஞ்சிடும்னு ரெண்டு தெரு தள்ளிப் போனேன்."

"என்னை முட்டாளாக்கிட்டீங்க."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஊரே உன்னைப் பாத்து பயப்படுது. நான் மட்டும் பயப்பட மாட்டேனா?"

டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது. கட்டிலில் கிடந்த பையன் காலை உதைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கன்னமும் தொடையும் டப்பா போட்ட சதை. அதற்காக அவனைக் கோபிக்க முடியுமா? கணவனைக் கோபிக்கலாம் என்றால், அவன் பிள்ளையின் பசியைத்தான் பார்த்தான். கோபம் மலைமலையாக வந்ததே தவிர, அதை இறக்கிவைக்க வீட்டில் ஒரு இடம் கிடைக்கவில்லை. அவள் அழுதாள். அழுகை வந்ததற்காகவும் எரிச்சல்பட்டாள்.

மத்தியானம், குழந்தைக்குத் துணி மாற்றும்போது பேக்கரிப் பெண்ணின் ஞாபகம் வந்தது. ரெண்டு, மூணு இருக்கும் என்றாளே. போனை எடுத்தாள். அந்தப் பெண்ணின் எண்ணையும் தேடி எடுத்துவிட்டாள். கூப்பிட்டு என்ன சொல்வது? கொஞ்சம் பவுடர் கொடு என்றா? ஏன் டீச்சர், கூடாதென்றீர்களே என்று கேட்டால்? நாளைக்கு எப்படியும் எடை பார்க்க வருகிறாளே, நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது. போனைத் தலையணை மேல் போட்டாள்.

திங்கட்கிழமை அவள் வார்டுக்குள் நுழையும்போது ஆறாம் நம்பர் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. விடியற்காலையே வந்துவிட்டார்களாம். குழந்தையை எழுப்பினால் எழவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். திரைக்குள் சின்ன டாக்டர் நின்றிருந்தாள். குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள்.

"ரெண்டு கிலோ நானூறு," என்றாள் டாக்டர், பால் டீச்சரைப் பார்த்ததும். "உடம்பு காஞ்சு கிடக்கு. மஞ்சக் காமாலையும் கொஞ்சம் இருக்கு. ரத்தம் எடுத்தாச்சு. இப்ப கண்ணு முழிச்சிருக்கான், விழுங்கறான். உடனே வயித்துக்குள்ள பால் போகணும், இவ மாட்டேங்கறா. நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாளாம்."

பேக்கரிப் பெண் குழந்தையை மார்போடு அணைத்து, சிறிய கிண்ணத்துடன் நின்ற ஆயா கிட்டே வராதபடி உள்ளங்கையால் அதன் வாயை மறைத்துக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. டீச்சரைக் கண்டதும் அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"வந்துட்டீங்களா டீச்சர். பாருங்க, பவுடர் குடுக்கச் சொல்றாங்க. நான் ஒரு சொட்டு குடுக்கல. சத்தியமா குடுக்கல."

"குடுக்கலாம்மா," என்றாள் பால் டீச்சர். "இப்ப குடுக்கணும்."

"நீங்களுமா?"

"எடை ரொம்ப இறங்கிடுச்சு கண்ணு. இது மருந்து மாதிரி. கொஞ்ச நாளைக்குத்தான். கூடவே மாருலயும் வைக்கலாம், நான் பக்கத்துலயே இருந்து சொல்லித்தரேன்."

"உங்களுக்கும் பத்தலதான? நீங்க குடுக்கலியே." கை இன்னும் இறுகியது. "நான்தான் பொறுமை இல்லாதவ. இன்னும் ஒரு நாள் டைம் குடுங்க டீச்சர். வந்துடும்."

தன் வார்த்தை ஒவ்வொன்றும் அவள் வாயிலிருந்து திரும்பி வந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். இழுத்துப் பிடுங்கிக் கொடுத்துவிடலாம்தான். இந்த வேளை கொடுக்கலாம், வீட்டுக்குப் போய் இவள் நிறுத்திவிடுவாள். திரைக்கு அந்தப் பக்கம் பதினொரு கட்டில். பதினொன்றிலும் பேச்சு நின்றிருந்தது.

"நானும் குடுத்தேன்," என்றாள்.

"என்ன?"

"என் பையன் குடிக்கறது பவுடர் பால்தான். ரெண்டு மாசமா. என் பால் அவனுக்குப் பத்தல. நீ படத்துல பாத்தியே, அந்தச் சதை டப்பாப் பாலு."

பேக்கரிப் பெண் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் குழந்தையின் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

பால் டீச்சர் கிண்ணத்தை வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்தாள். குழந்தையை நிமிர்த்தி, கிண்ணத்தின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்தாள். முதல் வாய் வழிந்து கன்னத்தில் ஓடியது. இரண்டாவதைக் குழந்தை நக்கியது. மூன்றாவதிலிருந்து அவசரம் பிடித்துக்கொண்டது. குடிக்கும் சத்தம் திரைக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

"அப்ப ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?" கோபமே இல்லாமல் கேட்டாள் பேக்கரிப் பெண். அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்கே தெரியாதும்மா. எங்க வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமக் குடுத்திருக்கார்."

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வாய்வரை வந்தது.

"நேத்து காலைல."

பேக்கரிப் பெண் குழந்தையின் கன்னத்தில் வழிந்திருந்ததை விரலால் துடைத்தாள்.

"நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கலாமே டீச்சர். நேத்து சாயங்காலம் வரைக்கும் அழுதான். அதுக்கப்புறம்தான் அழல."

பால் டீச்சர் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். குழந்தை கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்து இப்படியும் அப்படியும் தேடியது.